மரமுந்திரிகையின் கோதில் உதடு வெந்தது. உள்ளே இருக்கும் பருப்பை நம்பி உண்ணலாமா?

நிலாவெளி வாசகி எழுதியது:

எங்கள் வளவில் மாமனார் இளவயதில் நட்ட நான்கு மரமுந்திரிகை மரங்கள் நிற்கின்றன. கிணற்று நீர் கோடையில் உவர்ப்பாகிவிடும் இந்தக் கடற்கரை மணலில் வேறு பயன்மரங்கள் தலையெடுக்கச் சிரமப்படும்போதும், இவை யாரும் தண்ணீர் ஊற்றாமலே ஆண்டுதோறும் காய்த்து வருகின்றன. இதுவரை கொட்டைகளைப் பொறுக்கி, வீதியால் வரும் வியாபாரியிடம் கொடுத்துவிடுவோம். இந்த ஆண்டு நாங்களே சுட்டுப் பருப்பு எடுத்து வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தோம். அதற்குள் என் இளைய மகன், எட்டு வயதுப் பிள்ளை, மரத்தடியில் கிடந்த ஒரு பச்சைக் கொட்டையைப் பல்லால் கடித்துவிட்டான். கடித்தவுடன் எரிகிறது என்று துப்பினான். மறுநாள் காலையில் உதடும் வாயோரமும் வீங்கிக் கொப்பளித்திருந்தன. மருத்துவரிடம் காட்டினோம், இப்போது பொருக்கு விழுந்து ஆறிவருகிறது.

அந்த நாளிலிருந்து என் மனத்தில் சில கேள்விகள் இருக்கின்றன. கோதுக்குள் இருக்கும் அந்தப் பால் போன்ற எண்ணெய் எதனால் ஆனது? அது பருப்புக்குள்ளும் ஊறியிருக்குமா? சுடும்போது அது அழிந்துவிடுகிறதா, அல்லது கண்ணுக்குத் தெரியாமல் பருப்போடு நம் வயிற்றுக்குள் போகிறதா? மற்றொன்று, மாமாவுக்கு இரத்த அழுத்தமும் கொலஸ்திரோலும் இருக்கின்றன. கஜுப் பருப்பு முழுக்கக் கொழுப்பு, அதைத் தொடவே கூடாது என்று அயலில் ஒருவர் சொல்ல, வேறொருவர் தினமும் ஒரு பிடி உண்டால் இதயத்துக்கு நல்லது என்கிறார். தன் கையால் நட்ட மரத்தின் பருப்பை அவர் உண்ணலாமா, உண்ணலாம் என்றால் எவ்வளவு என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


உப்புவெளி, ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர் எழுதியது:

மகள், பிள்ளையின் புண் ஆறிவருவது ஆறுதலாக இருக்கிறது. உங்கள் முதற் கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். உணவு பற்றிய கேள்வியை அந்தத் துறையினர் எழுதுவதே முறை.

மரமுந்திரிகை மாமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. சேங்கொட்டையும் பிஸ்தாவும் அதே குடும்பந்தான். தாயகம் பிரேசிலின் வடகிழக்குக் கரையோரம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோவாவுக்குக் கொண்டுவந்த பின்னரே இது நம் பக்கத்து மணற்கரைகளில் பரவியது. கஜு என்று நாம் சொல்லும் பெயரும் பிரேசிலின் தூப்பி மக்களுடைய சொல்லிலிருந்து போர்த்துக்கேய மொழி வழியாக வந்ததே. குடும்பத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாங்காயின் காம்பை ஒடிக்கும்போது வடியும் பால் பட்டுக் கன்னம் வெந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. சேங்கொட்டையின் சாறு துணியில் அழியாத கறுப்பு அடையாளம் இடும், தோலில் பட்டால் புண்ணாக்கும். இந்த மூன்றிலும் வேலை செய்பவை ஒரே வகைச் சேர்வைகள்: ஒரு பீனோல் வளையமும் (ஒட்சிசன்-ஐதரசன் கூட்டம் ஒட்டிய, ஆறு காபன் அணுக்களாலான வளையம்), அதில் வால் போல நீண்டு தொங்கும் காபன் சங்கிலியும்.

கொட்டையை நெடுக்காக வெட்டிப் பார்த்தால் கோது ஒரே தடிப்பாக இராது. வெளியே தோல் போன்ற ஒரு படை, உள்ளே ஓடு போன்ற வன்மையான ஒரு படை, இரண்டுக்கும் நடுவே தேன்வதை போல அறைகள். அந்த அறைகளில்தான் எண்ணெய் இருக்கிறது. கோதின் நிறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த எண்ணெயாக இருக்கலாம் என்பதை அறிந்தால், பிள்ளை ஒரு கடியில் எவ்வளவைச் சந்தித்திருப்பான் என்று புரியும். பருப்போ வன்மையான உட்படைக்கு உள்ளே, தன்னுடைய சிவந்த மெல்லிய தோலால் மூடப்பட்டுத் தனியே கிடக்கிறது. பூச்சியும் விலங்கும் விதையைத் தொடாதபடி மரம் கட்டிக்கொண்ட மதில் என்று அந்தக் கோதைச் சொல்லலாம்.

பச்சைக் கோதெண்ணெயில் பாதிக்கு மேல் அனகார்டிக் அமிலம். அடுத்ததாகக் காடோல், பின்னர் சிறிதளவு காடனோல். அனகார்டிக் அமிலத்தின் தலைப்பகுதி சாலிசிலிக் அமிலமே. அஸ்பிரின் மாத்திரை எதிலிருந்து செய்யப்படுகிறதோ, அதே அமிலம். ஆனால் அதனோடு 15 காபன் அணுக்கள் கொண்ட சங்கிலி ஒன்று இணைந்திருக்கிறது; அந்தச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாமலும் இருக்கலாம், ஒன்று முதல் மூன்று வரை இருக்கவும் கூடும். கேட்டின் மூலம் அந்தச் சங்கிலிதான். நம் தோலின் மேற்படை கொழுப்பால் பூசப்பட்டது; நீரில் கரையும் பொருள் அதன்மேல் வழிந்தோடிவிடும், கொழுப்பை விரும்பும் நீண்ட சங்கிலியோ உள்ளே புகுந்துவிடும். புகுந்த பின்னர் இருவிதமாகத் தீங்கு செய்யும். ஒன்று, தொட்ட இடத்தை நேரடியாக அரித்துக் கொப்பளிக்க வைப்பது. மற்றொன்று, உடலின் எதிர்ப்புத் தொகுதி இதை அந்நியப் பொருளாக அடையாளம் கண்டு, ஓரிரு நாள் கழித்துச் சொறியும் வீக்கமுமாக எதிர்வினை காட்டுவது. உடல் ஒருமுறை இப்படி அடையாளம் கண்டுவிட்டால் அடுத்த முறை சிறிதளவு எண்ணெய் பட்டாலே இரண்டாவது வகை வந்துவிடும் என்பதால், உங்கள் மகனை இந்தப் பருவம் முழுவதும் பச்சைக் கொட்டையிலிருந்து விலக்கி வைப்பது நல்லது. மாங்காய்ப் பாலிலும் கவனம் தேவை, ஏனெனில் ஒன்றுக்கு எதிர்வினை காட்டிய தோல் மற்றதற்கும் எரிவு காட்டக்கூடும்.

இதே காரணத்தால் எண்ணெய் கையில் பட்டால் வெறும் தண்ணீர் போதாது. முன்னோர் தேங்காயெண்ணெய் பூசிய கையால்தான் கொட்டையைத் தொட்டார்கள். அது இரசாயனவியற்படி சரியான பழக்கம்: எண்ணெய் எண்ணெயில் கரையும். பட்டுவிட்டால் தேங்காயெண்ணெயால் துடைத்தெடுத்து, அதன் பின் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போவதைத் தவிர வேறு வைத்தியம் பார்க்கக் கூடாது.

சூடு என்ன செய்கிறது என்று கேட்டீர்கள். அனகார்டிக் அமிலத்தைச் சூடாக்கும்போது அதன் அமிலப் பகுதியான காபொட்சில் கூட்டம் காபனீரொட்சைட்டாகக் கழன்று போய்விடும், மிஞ்சுவது காடனோல். ஆகவே வறுத்த கோதின் எண்ணெயில் காடனோலே மிகுதி. இது முன்னையதைவிடக் கடுமை குறைந்தது என்றாலும் தீங்கற்றதன்று. காடோல் பெரும்பாலும் அப்படியே இருந்துவிடுவதால், சுட்ட கோதும் கையைப் புண்ணாக்கும். பலர் இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள். சூடு நஞ்சை முற்றாக அழிப்பதில்லை. கோதிலிருந்து எண்ணெயைப் பெருமளவு வெளியேற்றி, ஓட்டை நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவந்து, பருப்பில் எண்ணெய் படாமல் அதை எடுக்க வழிசெய்வதே சுடுவதன் பயன். பருப்புக்கு உள்ளே அனகார்டிக் அமிலம் இயல்பாக இருக்கும் அளவு கோதோடு ஒப்பிட மிகச் சொற்பம். அது ஊறு செய்வதில்லை. ஊறு செய்வது உடைக்கும்போது வெளியிலிருந்து ஒட்டும் எண்ணெய்தான்.

கடைகளில் பச்சைக் கஜு என்று விற்பதும் முழுப்பச்சை அன்று. தொழிற்சாலைகளில் கொட்டையை நீராவியில் அவித்து, கோதை வெட்டி, பருப்பை இளஞ்சூட்டில் உலர்த்திச் சிவப்புத் தோலை நீக்குகிறார்கள். வறுக்காதது என்பதே அங்கு பச்சை என்பதன் பொருள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாகனங்களின் பிரேக் உராய்வுப் பட்டைகள், வர்ணங்கள், பிசின்கள் ஆகியவற்றுக்கு இந்தக் கோதெண்ணெய் உலகெங்கும் மூலப்பொருளாகப் பயன்படுகிறது. மரத்தில் பூசினால் கரையான் அண்டாது. ஆய்வுகூடத்தில் அனகார்டிக் அமிலம் சில பற்றீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பதும் உண்மை. அதை வைத்துக்கொண்டு மருவுக்கும் தேமலுக்கும் கோதெண்ணெய் பூசச் சொல்லும் செய்திகள் தொலைபேசிகளில் சுற்றுகின்றன. தோலை அரிக்கும் ஒன்றைத் தோலுக்கு மருந்தாக்க வேண்டாம் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன்.


குச்சவெளித் தோட்டக்காரர் எழுதியது:

ஐயா எழுதிய இரசாயனவியலை இன்றுதான் முழுமையாக விளங்கிக்கொண்டேன். கைப்பழக்கத்தை மட்டும் நான் எழுதுகிறேன். பழத்திலிருந்து திருகியெடுத்த கொட்டையை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிட வேண்டும். குலுக்கினால் உள்ளே பருப்பு கிலுகிலுக்கும் பதம் வரவேண்டும். சுடுவது வீட்டுக்கு வெளியே, காற்று வீட்டுப் பக்கம் வீசாத இடத்தில்தான் நடக்க வேண்டும். சமையலுக்கு எடுக்காத பழைய இரும்புத் தாச்சி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவையுங்கள். நீளமான தடியால் விடாமல் கிளறும்போது கொட்டை வியர்த்து எண்ணெய் கக்கும். சற்று நேரத்தில் அந்த எண்ணெயே தீப்பிடித்து எரியும். அப்போது எழும் கரும்புகை கண்ணையும் தொண்டையையும் அறுக்கும். சிறுபிள்ளைகளும் இழுப்பு நோய் உள்ளவர்களும் அந்தப் பக்கம் வரவே கூடாது.

கோது கறுத்து நுரைத்தவுடன் தாச்சியை மணலிலோ சாம்பலிலோ கவிழ்த்து, சாம்பலைப் போட்டுப் பிரட்டினால் மேலே ஒட்டிய எண்ணெயை அது உறிஞ்சிவிடும். முற்றாக ஆறிய பின், கையில் தேங்காயெண்ணெயோ சாம்பலோ பூசிக்கொண்டு, கொட்டையை நிமிர்த்தி வைத்து மரக்கட்டையால் மெதுவாகத் தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் பருப்பு உடைவது மட்டுமன்றி, கோதில் எஞ்சிய எண்ணெயும் அதில் தெறிக்கும். எங்கள் வீட்டில் கோது உடைப்பவர் பருப்பைத் தொடுவதில்லை. அதைத் துப்புரவான கையோடு இருக்கும் வேறொருவர்தான் எடுப்பார். என் தாயார் வகுத்த இந்த ஒழுங்கின் காரணம் எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நான்கைந்து கிலோகிராம் கொட்டை சுட்டால் ஒரு கிலோகிராம் பருப்பு கிடைக்கும். கடையில் விலை ஏன் அவ்வளவு என்று கேட்பவர்கள் ஒருநாள் இந்தப் புகைக்கு முன்னால் நின்று பார்த்தால் போதும். கோதைச் சமையல் அடுப்புக்கு விறகாக மட்டும் எடுத்துவிடாதீர்கள், புகை வீடெல்லாம் நிறைந்துவிடும்.


கிண்ணியா, உணவியல் பயில்பவள் எழுதியது:

சகோதரி, உங்கள் மாமனாரைப் பற்றிய கேள்விக்கு என்னால் இயன்ற அளவு விரிவாக எழுதுகிறேன். அவருடைய மருத்துவ அறிக்கைகளைப் பார்த்த மருத்துவரின் சொல்லே முடிவானது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வறுக்காத 100 கிராம் கஜுப் பருப்பில் ஏறத்தாழ 553 கிலோ கலோரி சக்தியும், 18 கிராம் புரதமும், 44 கிராம் கொழுப்பும், 30 கிராம் காபோவைதரேற்றும் இருக்கின்றன. காபோவைதரேற்றில் மூன்று கிராமுக்குச் சற்று மேல்தான் நார். பெரும்பகுதி மாப்பொருள், எஞ்சியது வெல்லம். கச்சானில் புரதமும் கொழுப்பும் இதைவிடக் கூட, காபோவைதரேற்றோ இதில் பாதியளவுதான். கஜுவை அரைத்து ஊற்றினால் குழம்பு தடித்து வருவதற்கும், தேங்காய்ப்பாலில் வைக்கும் கஜுக் கறியில் பருப்பு கிழங்கு போல மென்மையாக வேகுவதற்கும் இந்த மாப்பொருளே காரணம்.

முழுக்கக் கொழுப்பு என்று அயலவர் சொன்னதில் அளவு சரி, பொருள் சரியில்லை. அந்த 44 கிராமில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 24 கிராம், ஒற்றை நிரம்பாத கொழுப்பு. ஒலிவ் எண்ணெயைப் பற்றி நாம் உயர்வாகக் கேள்விப்படுவதற்குக் காரணமான ஒலீயிக் அமிலந்தான் அதில் மிகுதி. பல்நிரம்பாத கொழுப்பு 8 கிராம் அளவில் இருக்கிறது. நிரம்பிய கொழுப்பும் கிட்டத்தட்ட அதே 8 கிராம். இது மற்ற மரக்கொட்டைகள் சிலவற்றைவிடக் கூடுதலான அளவு என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதில் ஒரு பங்கு ஸ்டியரிக் அமிலம், இரத்தக் கொலஸ்திரோலை உயர்த்தாத வகை. கொலஸ்திரோல் என்ற பொருள் கஜுவில் இல்லை. உணவு வழியாக வரும் கொலஸ்திரோல் விலங்குணவுகளிலிருந்தே நமக்கு வருகிறது. கொழுப்பு இருக்கிற எதுவும் கொலஸ்திரோல் என்று நம் ஊரில் ஆழமாகப் பதிந்துவிட்ட எண்ணம் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. கஜுவை அஞ்சி ஒதுக்கிவிட்டு, மாலைத் தேநீரோடு பொரித்த ரோல்ஸும் மாஜரின் பூசிய பாணும் உண்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதய நலம் பற்றிய ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டவில்லை. சிலவற்றில் கெட்ட கொலஸ்திரோல் எனப்படும் எல்டிஎல் சிறிது குறைந்தது. சிலவற்றில் மாற்றமே இல்லை. நமக்கு நெருக்கமான ஆய்வொன்று சென்னையில் நடந்து 2018இல் வெளிவந்தது. நீரிழிவு உள்ள 300 பேரில் ஒரு பகுதியினருக்கு 12 வாரங்கள் தினமும் 30 கிராம் கஜு கொடுத்தார்கள். எல்டிஎல் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நல்ல கொலஸ்திரோலான எச்டிஎல் சற்று உயர்ந்தது, மேல் இரத்த அழுத்தம் சற்றுக் குறைந்தது, நிறை கூடவில்லை. நம்மைப் போலவே சோறும் கறியும் உண்ணும் மக்களிடம் கிடைத்த முடிவு என்பதால் இதற்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறேன். இது மருந்துக்கு மாற்று என்று சொல்ல வரவில்லை. அளவோடு உண்டால் கெடுதி செய்யாது, சிறிது நன்மையும் செய்யலாம் என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

நிறை கூடாததற்கு ஒரு விளக்கமும் இருக்கிறது. நாம் மென்று விழுங்கும் பருப்பின் கொழுப்பு முழுவதும் சமிபாடடைவதில்லை. உடையாத கலச்சுவர்களுக்குள் சிறைப்பட்ட ஒரு பங்கு அப்படியே வெளியேறிவிடுகிறது. அமெரிக்க வேளாண்மைத் திணைக்களத்தின் ஆய்வாளர்கள் மனிதர்களிடம் அளந்து பார்த்தபோது, கணக்குப்படி 163 கிலோ கலோரி தரவேண்டிய 28 கிராம் கஜு உண்மையில் 137 அளவையே உடலுக்குத் தந்தது. பசை போல அரைத்து உண்டால் இந்தச் சலுகை குறையும் என்று எதிர்பார்க்கலாம், ஏனெனில் அப்போது கலச்சுவர்கள் உடைந்துவிடுகின்றன.

கஜுவின் உண்மையான செல்வம் கனியுப்புகள் என்பது என் கருத்து. 100 கிராமில் மகனீசியம் 292 மில்லிகிராம், பொசுபரசு 593, பொற்றாசியம் 660, இரும்பு 6.7, நாகம் 5.8, செம்பு 2.2 மில்லிகிராம். 30 கிராம் உண்டாலே ஒரு வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கிடைத்துவிடும். மகனீசியம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கிடைக்கும். விற்றமின் கே ஓரளவு உண்டு. கல்சியம் குறைவு, விற்றமின் சீ இல்லையென்றே சொல்லலாம்.

இரும்பைப் பற்றி ஒரு சொல். கஜுவில் பைற்றிக் அமிலமும், சிவப்புத் தோலில் துவர்ப்புத் தரும் தனினும் உள்ளன. இவை இரும்பையும் நாகத்தையும் பற்றிக்கொண்டு குடலில் உறிஞ்ச விடாமல் தடுக்கின்றன. கூடவே விற்றமின் சீ இருந்தால் அந்தத் தடை பெரிதும் தளரும். அந்த விற்றமின் அதே மரத்தின் பழத்தில், தோடம்பழத்தைவிடப் பல மடங்கு அடர்த்தியாக இருக்கிறது. கொட்டையைத் திருகி எடுத்துவிட்டுப் பழத்தை மரத்தடியில் அழுக விடுகிறோமே என்று ஒவ்வொரு பருவத்திலும் எனக்கு மனம் வருந்துகிறது. தொண்டையைக் கரகரக்க வைப்பது அதிலுள்ள தனின். துண்டுகளாக்கி உப்பு நீரில் ஊறவைத்தோ சிறிது ஆவியில் அவித்தோ எடுத்தால் அந்தக் கரகரப்புக் குறையும். சாறு பிழிந்து குடித்தாலும் சரி, பிள்ளைகள் செய்வது போல உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு உண்டாலும் சரி. கொட்டை ஒட்டியிருந்த நுனியை மட்டும் தாராளமாக வெட்டி எறிந்துவிடுங்கள், அங்கேதான் கோதெண்ணெய் பட்டிருக்கும்.

இனி உங்கள் மாமனாருக்கு. எண்ணெயில் பொரிக்காமல் வெறுமனே வறுத்த, உப்பிடாத பருப்பு, நாளொன்றுக்கு 15 முதல் 18 வரை, அதாவது உள்ளங்கை குழியும் அளவு போதும். அதையும் மற்ற உணவுக்கு மேலதிகமாகக் கொடுக்காமல், மாலையில் உண்ணும் பிஸ்கற்றுக்கோ வடைக்கோ பதிலாகக் கொடுங்கள். உப்பிட்டுப் பொரித்த பொதிகளில் இரத்த அழுத்தக்காரருக்குக் கேடு செய்வது பருப்பன்று, உப்பு. இயல்பான பருப்பில் 100 கிராமுக்கு 12 மில்லிகிராமாக இருக்கும் சோடியம் அவற்றில் சில நூறு மில்லிகிராமாக உயர்ந்துவிடுகிறது. இரண்டு நிலைகளில் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். சிறுநீரகத்தில் கல் வந்தவர் என்றால், கல் உருவாகத் துணைசெய்யும் ஒட்சலேற்று கஜுவில் மிகுதி. சிறுநீரகம் பலவீனமாகிப் பொற்றாசியத்தையும் பொசுபரசையும் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால், இரண்டும் இதில் ஏராளம்.


நிலாவெளி வாசகி எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஐயா எழுதியதை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். மதில் என்ற உவமை அவனுக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. மாமாவுக்குச் சிறுநீரகக் கோளாறு இல்லை, ஆனாலும் அடுத்த கிளினிக் நாளில் கேட்டுவிட்டே கொடுப்போம். இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. முற்றாத பிஞ்சுக் கொட்டையை வெட்டிப் பச்சைப் பருப்பெடுத்துக் கறி வைக்கும் வழக்கம் எங்கள் மாமியிடம் உண்டு. அதில் ஆபத்து இருக்கிறதா? கோதால் வெந்த என் மகனுக்குப் பருப்பும் ஒவ்வாமல் போகுமா?


உப்புவெளி, ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர் எழுதியது:

பிஞ்சுக் கொட்டையின் கோதிலும் அந்த எண்ணெய் இருக்கிறது, ஆகவே உங்கள் மாமி இத்தனை காலம் கறி வைத்தது கையின் திறமையால்தான். கத்தியிலும் கையிலும் தேங்காயெண்ணெய் பூசி, கொட்டையை ஒரே வெட்டில் இரண்டாகப் பிளந்து, குச்சியால் பருப்பை நெம்பி எடுத்து நேரே தண்ணீரில் போடுவதுதான் முறை. பின்னர் வெந்நீரில் சிறிது நேரம் வைத்து உள்தோலை உரித்து, இரண்டு மூன்று முறை அலசி, அந்த நீர் முழுவதையும் ஊற்றிவிட வேண்டும். ஊறும் நீரில் ஒரு சிட்டிகை அப்பச் சோடா சேர்ப்பவர்கள் உண்டு. அது கலச்சுவர்களைப் பசை போலப் பிணைத்திருக்கும் பெற்றினை இளக்கிப் பருப்பை விரைவில் வேக வைக்கும். பிளந்த கத்தியைச் சவர்க்காரத்தால் கழுவாமல் மரக்கறி வெட்ட எடுக்கக் கூடாது.


கிண்ணியா, உணவியல் பயில்பவள் எழுதியது:

மகனைப் பற்றிய ஐயத்துக்கு: கோதால் வரும் புண்ணும் பருப்பால் வரும் ஒவ்வாமையும் வேறு வேறு பொருள்களால் வருபவை. கோதில் வேலை செய்வது ஐயா விளக்கிய பீனோல்கள். பருப்பில் ஒவ்வாமை தருவது விதையின் சேமிப்புப் புரதங்கள். ஒன்று வந்தவருக்கு மற்றது வந்தே தீரும் என்பதில்லை. உங்கள் மகன் இதற்கு முன் கஜு போட்ட பொங்கலோ கேக்கோ உண்டு எதுவும் ஆகாமல் இருந்திருந்தால், இந்தப் புண்ணுக்காகப் பருப்பை விலக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. இருந்தாலும் உதடு முழுமையாக ஆறும் வரை பொறுத்திருங்கள், வீட்டில் சுட்ட பருப்பை முதலில் அவனுக்குக் கொடுக்க வேண்டாம்.

பருப்பு ஒவ்வாமை வந்தால் அது கடுமையாக வரக்கூடியது என்பதையும் எல்லாப் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். உண்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் உடலெங்கும் தடிப்பு, வாந்தி, முக வீக்கம், மூச்சுத் திணறல் என்று தோன்றினால் ஒரு கணமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கஜுவின் புரதங்களும் பிஸ்தாவின் புரதங்களும் மிக ஒத்தவை. ஒன்று ஒவ்வாதவர் மற்றதையும் உண்ணக் கூடாது. வறுப்பதால் அந்தப் புரதங்களின் தீங்கு நீங்கிவிடும் என்று நம்பவும் கூடாது.


குச்சவெளித் தோட்டக்காரர் எழுதியது:

தங்கச்சி, சுட்டு எடுத்த பின் வைப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதைத் தவறவிட்டால் முன்செய்த உழைப்பெல்லாம் வீணாகிவிடும். எங்கள் பக்கம் மாரி பிடித்து ஐப்பசியிலிருந்து தைவரை வாடைக்காற்று ஈரத்தோடு வீசும்போது, திறந்து வைத்த கஜு ஒரு வாரத்தில் நமுத்துவிடும். பருப்பு கையால் ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, மறுபடி இளஞ்சூட்டில் காயவைத்து, முற்றாக ஆறிய பின்னரே இறுக்கமான போத்தலில் அடைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. வெளியே வைப்பதென்றால் வெயிலும் வெளிச்சமும் படாத இடமாக இருக்கட்டும், இல்லையேல் காறல் வாடை வந்துவிடும்.

பூஞ்சணம் பிடித்த பருப்பைச் சுரண்டிவிட்டு வறுத்து உண்பதைச் சிலரிடம் பார்த்திருக்கிறேன். பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது என்று பயிற்சி ஒன்றில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அன்றிலிருந்து அப்படியான பருப்பைக் கோழிக்கும் போடுவதில்லை. உடைத்த பருப்பில் கறுப்பாகவோ நீலம் பாய்ந்தோ எண்ணெய்க் கறை தெரிந்தால், அல்லது நாக்கில் வைத்தவுடன் கைத்து எரிந்தால், அது கோதெண்ணெய் பட்ட பருப்பு. கழுவிப் பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம். முதல் தடவை சுடும்போது பத்துக்கு இரண்டு மூன்றாவது அப்படித்தான் போகும். அவற்றைத் தனியே எடுத்துக் கோதோடு சேர்த்துப் புதைத்துவிடுங்கள்.